ராஸ் அவசரப்பட்டது நியாயம், கத்தியது நியாயமில்லை

ஆறு நண்பர்களைப் பற்றிய அமெரிக்க டிவி நகைச்சுவைத் தொடர் ‘ஃப்ரெண்ட்ஸ்’. அதன் ரசிகர்கள் எங்கே கூடினாலும் ஒரே பஞ்சாயத்துதான். காதலர்களான ராஸும் ரேச்சலும் அப்போது ‘பிரேக்’கில், அதாவது காதலைத் தற்காலிகமாக நிறுத்திவைத்த நிலையில், இருந்தார்களா, இல்லையா? இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக இதே கேள்வி. எனக்கு அந்தச் சண்டையில் பெரிய ஆர்வம் இல்லை. அந்தக் காதல் எங்கே விரிசல் விட ஆரம்பித்தது என்று கேட்டால், அதற்குச் சில மாதம் முன்னால் வந்த வேறொரு எபிசோடைத்தான் சொல்வேன். மூன்றாவது சீசனின் இரண்டாவது எபிசோட். 1996 செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவின் என்பிசி சேனலில் ஒளிபரப்பானது. ‘தி ஒன் வேர் நோ ஒன்ஸ் ரெடி’.

ஞாபகம் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராஸ் வேலை பார்க்கும் மியூசியத்தில் அன்று ராத்திரி முக்கியமான விழா. கோட்டு, கழுத்தில் போ டை எல்லாம் போட்டுக்கொண்டு தங்கை மோனிகா வீட்டுக்கு வருகிறான். அங்கே ஒருத்தரும் கிளம்பியிருக்கவில்லை. அரை மணி நேரம்கூடக் கையில் இல்லை. கிட்டத்தட்ட மொத்த எபிசோடும் அந்த ஒரே வீட்டுக்குள், நாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் அதே நேரத்துக்குள் நடந்து முடிகிறது. கதாபாத்திரங்களுக்கு ஓடி ஒளிய இடமே கிடையாது. அதனால்தான் ஒவ்வொருத்தரின் குணமும் இதில் அப்பட்டமாகத் தெரிகிறது.

பொதுவாக இந்த எபிசோட் என்றாலே நண்பர்கள் ஜோயியையும் சாண்ட்லரையும்தான் பேசுவார்கள். நாற்காலிச் சண்டை. பாத்ரூம் போகச் சாண்ட்லர் எழுந்த நேரத்தில் ஜோயி உட்கார்ந்துவிட, அது முற்றி, நாற்காலியின் ‘எசன்ஸ்’ மெத்தைதான் என்று சாண்ட்லர் சொல்லியும் கேட்காமல் அதைத் தூக்கிக்கொண்டு ஜோயி போவதும், பதிலுக்கு ஜோயியின் உள்ளாடைகளை எல்லாம் சாண்ட்லர் ஒளித்துவைப்பதும், கடைசியில் சாண்ட்லரின் துணிகள் மொத்தத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஜோயி வந்து நிற்பதும். எத்தனை தடவை பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. ஜோயியாக நடித்த மாட் லெபிளாங்க் வெறும் உடம்பாலேயே நகைச்சுவை செய்யக்கூடிய நடிகர் என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும். ஆனால் எபிசோடின் உயிர் அதில் இல்லை. ராஸ் ரேச்சலைப் பார்த்துக் கத்துகிறானே, அங்கேதான் இருக்கிறது.

அன்று தாமதத்துக்குக் காரணம் யார் யார் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு ஆண்களும் நாற்காலிக்காக அடித்துக்கொள்கிறார்கள். மோனிகா, பழைய காதலன் ரிச்சர்டின் குரல் ஆன்சரிங் மெஷினில் இருந்ததைக் கேட்டுவிட்டு, அது பிரிவதற்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்று குழம்பி, போனும் கையுமாக நிற்கிறாள். பாவம், இன்னொரு தோழி ஃபீபி மட்டும்தான் நேரத்துக்குத் தயாராக வந்தாள். அவள் உடை மேலும் ஹம்மஸ் (கொண்டைக்கடலை விழுது) கொட்டி, கறையை மறைக்கக் கடைசியில் கிறிஸ்துமஸ் ரிப்பனைக் குத்திக்கொள்ள வேண்டியதாகிறது. ஆக, ரேச்சல் மட்டும் தாமதிக்கவில்லை. எல்லாரிடமும் ராஸ் எரிச்சல்படுகிறான்தான். ஆனால் அது வெடிப்பது ரேச்சல் மேல். என்ன போடுவது என்று இன்னும் முடிவெடுக்காமல் அவள் நிற்கும்போது, எதையாவது எடுத்து மாட்டு என்கிற தொனியில், நண்பர்கள் அத்தனை பேர் முன்னாலும் கத்துகிறான்.

ராஸ் பக்கம் பேசுகிறவர்கள் சொல்வது என்ன? அவனுக்கு அது முக்கியமான நாள், ரேச்சலுக்கு அது முன்பே தெரியும், காதலனின் வேலையில் கொஞ்சமாவது அக்கறை இருந்தால் சீக்கிரம் கிளம்பியிருக்க மாட்டாளா? இதில் பாதியை நான் மறுக்கவே மாட்டேன். அவன் பதற்றம் நூற்றுக்கு நூறு நியாயம். மேலதிகாரிகளும் சக விஞ்ஞானிகளும் வந்து உட்காரும் இடத்துக்குத் தாமதமாகப் போவது யாருக்கும் பிடிக்காது. ராஸாக நடித்த டேவிட் ஷ்விம்மர் அந்தப் பதற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டுபோகும் விதமே அழகு. முதலில் கெஞ்சல், அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மரியாதை, அதற்கும் மேலே போய் அலறல்.

ஆனால் நேரம் உன் பக்கம் இருக்கிறது என்பதற்காக ஒருத்தியை நாலு பேர் முன்னால் கூனிக் குறுக வைக்கலாமா? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க மறுப்பதுதான் ராஸ் ரசிகர்களிடம் எனக்குள்ள பெரிய வருத்தம். எழுதியவர்கள் நன்றாகவே பிரித்திருக்கிறார்கள். ரேச்சல் திருப்பிக் கத்தவில்லை, அழவில்லை. உள்ளே போய்ச் சாதாரண வீட்டு உடையில் திரும்பி வந்து, நான் வரவில்லை, கடிதங்களுக்குப் பதில் எழுதப்போகிறேன் என்று நிதானமாகச் சொல்கிறாள். ரேச்சலாக நடித்த ஜெனிபர் அனிஸ்டனின் குரலில் கோபமே இருக்காது. அந்த அமைதிதான் ராஸை உலுக்குகிறது. கத்தியதால்தான் இவ்வளவும் என்று அவனுக்கே புரிகிறது, மன்னிப்புக் கேட்கிறான்.

அடுத்து வருகிறது கொழுப்பு டம்ளர். மோனிகாவின் ஃபிரிட்ஜில் ஒரு டம்ளர் நிறையக் கொழுப்பு இருக்கிறது. உனக்காக என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்கிற நிலைக்கு ராஸ் வந்ததும், அதைக் குடிக்கச் சொல் என்று ஜோயி எடுத்துக்கொடுக்கிறான். ரேச்சலும் குடி என்கிறாள். அவன் உண்மையாகவே வாயருகே கொண்டுபோகிறான். அந்த நொடியில் ரேச்சல் தடுக்கிறாள்.

இதை ரொமான்டிக் காட்சி என்று கொண்டாடுகிறவர்கள் நிறைய. எனக்கு அப்படிப் பார்க்க வரவில்லை. தன்னை எல்லார் முன்னாலும் சிறுமைப்படுத்தியவனை, அதே ஆட்கள் முன்னால் சிறுமைப்பட வைத்துக் கணக்கை நேர் செய்கிறாள். ரேச்சல் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் அந்த இடத்தில் அவள் செய்ததும் சரியில்லை. ஒரே ஒரு ஆறுதல், அவள் அவனைக் குடிக்க விடவில்லை. குடிக்கத் துணிந்ததே போதும் என்று மனசு இறங்கி, உடனே போய்ப் பச்சை நிற கவுனில் தேவதை மாதிரி வந்து நிற்கிறாள். விழாவுக்குப் போகிறார்கள். எபிசோட் சுபம்.

கவனித்தீர்களா, ராஸ் எதைச் செய்யத் தயாராக இருந்தான் என்று? கொழுப்பைக் குடிக்கத் தயாராக இருந்தான். பெரிய, எல்லார் கண்ணுக்கும் தெரிகிற ஒரு தியாகம். அந்த மாதிரி விஷயங்களில் ராஸை யாரும் குறை சொல்ல முடியாது. ஏன் கத்தினேன், அடுத்த முறை என்ன செய்வேன் என்ற பேச்சு மட்டும் இருவருக்கும் நடுவில் நடக்கவே இல்லை.

இப்போது அதே சீசனின் பதினைந்தாவது எபிசோடுக்கு வாருங்கள். 1997 பிப்ரவரி 13 அன்று வந்தது, எல்லாரும் அடித்துக்கொள்ளும் அந்த ‘பிரேக்’ எபிசோட்தான். ரேச்சலுக்கு புளூமிங்டேல்ஸ் என்ற பெரிய கடையில் வேலை கிடைத்திருக்கிறது. காதல் ஆண்டுவிழா அன்று ஆபீஸில் பெரிய சிக்கல், அவளால் கிளம்ப முடியவில்லை. ராஸ் என்ன செய்கிறான்? பிக்னிக் கூடையைத் தூக்கிக்கொண்டு நேராக அவள் மேஜைக்கே வந்துவிடுகிறான். அவள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே சாப்பாட்டைப் பரப்புகிறான், மிளகு அரைக்கிறான், மெழுகுவர்த்தி ஏற்றி நெருப்பும் பிடிக்க வைக்கிறான். வீட்டுக்கு வந்து ரேச்சல் கோபப்பட்டால், இது வெறும் வேலைதானே என்கிறான்.

அவனுடைய வேலைக்கு முக்கியமான ராத்திரி என்றால் ஆறு பேரும் குறித்த நிமிஷத்தில் வாசலில் நிற்க வேண்டும், இல்லையென்றால் கத்தல். அவளுடைய வேலைக்கு முக்கியமான ராத்திரி வந்தால் மட்டும் அது வெறும் வேலை! அன்று மியூசியம் விழாவுக்கு ரேச்சல் தாமதித்ததைக் குற்றம் என்று சொல்கிறவர்கள், இந்த மேஜைக் காட்சியில் ராஸை எப்படி விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. ரேச்சலோடு வேலை பார்த்த மார்க் மேல் அவனுக்கு இருந்த பொறாமையைக் காரணம் சொல்வார்கள். பொறாமை அப்புறம் வந்தது. அவளுடைய நேரத்துக்கு மதிப்புக் குறைவு என்ற எண்ணம் செப்டம்பரிலேயே அந்த வீட்டில் இருந்தது.

ராஸை வில்லனாக்க நான் இதை எழுதவில்லை. அவன் ரேச்சலை நேசித்ததில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. அடுத்த முறை யாராவது ‘பிரேக்’ கேள்வியை எடுத்தால், ஆமா இல்லை என்று வாதாடும் முன்னால், இந்த இரண்டு எபிசோடையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் மியூசியம் ராத்திரி, அப்புறம் ஆபீஸ் ராத்திரி. அதன் பிறகும் ராஸ் பக்கம்தான் என்பவர்கள் கமெண்டில் காரணத்தோடு வாருங்கள், பேசலாம்.