ஆட்டோ மீட்டரும் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவும்

சென்னை ஆட்டோக்களுக்கு 2013இல் அரசு நிர்ணயித்த கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். (அந்தக் கட்டணத்துக்கு யார் வந்தார்கள் என்று கேட்காதீர்கள், இது கணக்குப் பதிவு.) மீட்டரில் 97 ரூபாய் வந்தால் எவ்வளவு தூரம் போயிருப்போம்?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். பலர் எக்ஸ் பக்கமே போகமாட்டார்கள். "25ஐ எடுத்துட்டா 72 சார், 12ஆல வகுத்தா 6, அதோட 1.8." அவர்களில் ஒருத்தியின் நோட்டில் இப்படி இருக்கும்:

97 − 25 = 72 ÷ 12 = 6 + 1.8 = 7.8

விடை சரி. ஆனால் "சமன்பாடு எங்கே?" என்று மார்க்கைக் குறைப்போம். பக்கத்துப் பையன் 'எக்ஸ் என்க' என்று தொடங்கி, 25 + 12எக்ஸ் = 97 என்று எழுதி, 6 கிலோமீட்டர் என்று முடித்திருப்பான். அந்த எக்ஸ் 1.8க்கு மேற்பட்ட தூரம் மட்டும்தான் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. என்னைக் கேட்டால், கட்டணம் எப்படிச் சேர்ந்தது என்று பார்த்து அதைப் பின்னாலிருந்து பிரித்தவள்தான் அல்ஜீப்ரா செய்திருக்கிறாள்.

அதற்காக அவள் போட்ட சமக்குறிகளை அப்படியே விட்டுவிடவும் முடியாது. 97 − 25 எப்படி 7.8 ஆகும்? அவளுக்கு அந்தக் குறி "அடுத்து விடை வருது" என்பதற்கான அறிவிப்பு, அவ்வளவுதான். அமெரிக்காவில் 1999இல் வெளியான ஓர் ஆய்வில் 8 + 4 = □ + 5 என்ற கேள்வியை ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேருக்குக் கொடுத்தார்கள். ஒருவர்கூட 7 என்று எழுதவில்லை. எல்லாரும் 12 அல்லது 17. ஆகவே இது நம்மூர்ப் பிள்ளைகளின் குறை மட்டும் அல்ல.

பின்னாலிருந்து பிரிக்கும் வழி எங்கே அடைபடும்? இன்னொரு ஆட்டோக்காரர் முதல் 1.8க்கு 45 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 8 ரூபாய் என்கிறார். எவ்வளவு தூரத்தில் இரண்டும் ஒன்றாகும்? இங்கே தெரியாத தூரம் இரண்டு பக்கமும் இருக்கிறது. சிலர் அட்டவணை போட்டு ஒவ்வொரு கிலோமீட்டராக ஏற்றிப் பார்ப்பார்கள். அப்போது யாராவது ஒருத்தி சொல்வாள்: "ஆரம்பத்துல 20 வித்தியாசம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 4 குறையுது. அஞ்சுல சரியாயிடும்." ஆக மொத்தம் 6.8 கிலோமீட்டர், இரண்டிலும் 85 ரூபாய். 25 + 12எக்ஸ் = 45 + 8எக்ஸ் என்பதில் இரு பக்கமும் 8எக்ஸைக் கழிப்பதும் இதேதான். நாம் "அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆயிடும்" என்று மந்திரம் போலச் சொல்லிக்கொடுக்கிறோம்.

நான் எழுத்தைக் கொண்டுவருவது இதற்குப் பிறகுதான். அவர் 45 இல்லாமல் வேறு தொகை கேட்டால்? 61 கேட்டால்? எவ்வளவு கேட்டாலும்? "அவர் கேக்குறதுல 25ஐக் கழிச்சு நாலால வகுத்து, அதோட 1.8 சேக்கணும் சார்." அந்த 'அவர் கேக்குறது'க்கு ஓர் எழுத்து வைக்கச் சொன்னால் யாரும் பெரிதாக முகம் சுளிப்பதில்லை.