கார் வரி ஒழியத்தான் வேண்டும்: சனிக்கிழமை கைதட்டியவர்களுக்கும் சேர்த்து

"கார் வாங்கத் தெரியுதுல்ல, வரி கட்ட மட்டும் வலிக்குதா?"

சனிக்கிழமை நம் ஆட்கள் கூடிய இடத்தில், கார் வரி வேண்டாம் என்ற பேச்சு வந்தபோது இதைக் கேட்டவர் யார் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். குரூப்பில் ஓடிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டவர்களுக்கும் தெரியும். பெயரை நான் இழுக்கப் போவதில்லை. அவரை அண்ணா என்றே கூப்பிட்டுப் பழகியவள் நான். அதனால்தான் இன்னும் மனசு ஆறவில்லை. அவர் பேசி முடித்ததும் கைதட்டினீர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

அமெரிக்காவில், நாங்கள் இருக்கும் இந்த வர்ஜீனியா மாநிலத்தில் கார் வரி ஒழிய வேண்டும். கொஞ்சம் குறைத்துவிட்டு, ஒரு தடவை தள்ளுபடி கொடுத்துவிட்டு ஆளை அனுப்பும் கதையெல்லாம் வேண்டாம். ஒழிய வேண்டும். சம்பாதித்தால் வரி கேளுங்கள், தருகிறோம். ஒரு பொருள் வாங்கினால் வரி கேளுங்கள், தருகிறோம். வீட்டு வாசலில் கார் நிற்கிறது என்பதற்காக வருஷா வருஷம் கேட்பது எந்த நியாயத்தில் சேர்த்தி?

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே சொந்த காருக்கு ஆயுட்கால வரியை வாங்கும்போதே கட்டிவிடுகிறோம், அதோடு முடிந்தது. இங்கே வாங்கும்போது விலையில் 4.15 சதவீதம் மாநிலத்துக்குப் போகிறது. பதிவுக் கட்டணம் தனி. பெட்ரோல் போடும்போதெல்லாம் வரி. அதிக மைலேஜ் தரும் கார், எலக்ட்ரிக் கார் என்றால், பெட்ரோல் வரி குறைகிறது என்று சொல்லி 2020 முதல் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் என்று ஒன்று. இத்தனைக்கும் மேலே, அந்த கார் இன்றைக்கு என்ன விலை போகும் என்று கணக்குப் போட்டு, கவுண்டி, அதாவது நம்ம ஊர் மாவட்டம் மாதிரியான உள்ளூர் நிர்வாகம், ஒவ்வொரு வருஷமும் வரி கேட்கிறது. ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் நீண்ட காலமாக நூறு டாலர் மதிப்புக்கு 4.57 டாலர். 20,000 டாலர் மதிப்புள்ள காருக்கு 914 டாலர். மாநிலம் கொடுக்கும் சலுகையில் பாதி கழிந்தாலும் நானூற்றுச் சொச்சம் கைக்காசு. ஒரு வீட்டில் இரண்டு கார் என்றால் நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இரண்டு கார் எதுக்கு?" என்று கேட்பீர்கள். சனிக்கிழமையும் கேட்டார்கள். ஒருவர் ஸ்டெர்லிங்கில் வேலை பார்க்கிறார், இன்னொருவர் மனாசஸ் பக்கம் போக வேண்டும், பிள்ளையை டே கேரிலிருந்து ஆறு மணிக்குள் கூட்டி வர வேண்டும். ரூட் 28 நெடுஞ்சாலையில் நடந்தா போவது? 2022 நவம்பரில் மெட்ரோ ரயிலின் சில்வர் லைன் ஆஷ்பர்ன் வரைக்கும் வந்தது, சந்தோஷம்தான். ஆனால் அந்த ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரவே எங்களில் பாதிப்பேருக்கு கார் வேண்டும். சொகுசுக்காக வைத்திருக்கும் பொருள் இல்லை இது. இது இல்லாமல் சம்பாதிக்கவே போக முடியாது. சம்பாதிக்கப் போவதற்கே வரி, சம்பாதித்ததற்கும் வரி.

இதை ஒழிப்பேன் என்று சொல்லித்தான் 1997-இல் ஜிம் கில்மோர் ஆளுநர் தேர்தலில் ஜெயித்தார். "நோ கார் டாக்ஸ்" என்ற ஒற்றைக் கோஷம். 1998-இல் சட்டமும் வந்தது. சொந்த உபயோக காரின் முதல் 20,000 டாலர் மதிப்புக்கான வரியை மாநிலமே படிப்படியாக ஏற்றுக்கொள்ளும், 2002-இல் அந்தப் பகுதி முழுசாகக் காணாமல் போகும் என்றார்கள். 70 சதவீதம் வரை வந்து வண்டி நின்றுவிட்டது. 2004-இல் மாநிலத்தின் பங்கு வருஷத்துக்கு 950 மில்லியன் டாலர், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று சட்டமன்றம் பூட்டுப் போட்டது. 2006 வரி ஆண்டிலிருந்து அதே 950 மில்லியன். அதற்குப் பிறகு மக்கள் தொகை கூடிவிட்டது, கார்கள் கூடிவிட்டன, காரின் விலை எங்கேயோ போய்விட்டது. அந்தத் தொகை மட்டும் அசையவில்லை. அதனால் 70 சதவீதமாக இருந்த சலுகை இன்று பல கவுண்டிகளில் பாதிகூட இல்லை. வரி விகிதத்தை யாரும் உயர்த்தாவிட்டாலும் நம் பாக்கெட்டிலிருந்து போவது உயர்ந்துகொண்டே இருக்கிறது. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

அப்புறம் 2022. சிப் தட்டுப்பாட்டால் புது கார் கிடைக்கவில்லை, பழைய காரின் சந்தை விலை ஏறியது. விளைவு, கார் ஒரு வயது கூடிக் கிழடு தட்டியது, வரி மதிப்பு மட்டும் இளமையாகிவிட்டது! ஃபேர்ஃபாக்ஸ் போன்ற இடங்களில் மதிப்பில் 85 சதவீதத்துக்கு மட்டும் வரி போட்டுச் சமாளித்தார்கள். தாங்களே நியாயம் இல்லை என்று உணர்ந்த கணக்கு என்றுதானே அதற்கு அர்த்தம்?

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "வலிக்குதா" என்று கேட்டுவிட்டார். ஆமாம், வலித்தது. என் கணவருக்கு வேலை போன வருஷம் அது. வேலைக்காகக் கொடுக்கும் எச்1பி விசாவில் இருப்பவர்களுக்குத் தெரியும், வேலை போனால் அடுத்த வேலை தேட 60 நாள்தான் அவகாசம். அந்த அறுபது நாளுக்குள்தான் கவுண்டி கவர் வந்தது. இரண்டு கார், இரண்டு வரி, கீழே ஒரு மொத்தத் தொகை. என் காருக்குப் பின் கதவு வெளியிலிருந்து திறக்காது. உள்ளே கையை விட்டுத்தான் பிள்ளையை இறக்குவேன். ஓடோமீட்டர் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மைலைத் தாண்டியிருந்தது. அதற்கு அவர்கள் எழுதியிருந்த மதிப்பைப் பார்த்ததும் அந்த விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுத்துவிடலாம் போல இருந்தது.

மைலேஜ் அதிகம் என்று மேல்முறையீடு செய்தேன். ஆயில் மாற்றிய ரசீதில் மைல் கணக்கு இருக்கிறது, அதையும் இணைத்து அனுப்பினேன். தொகையைக் கொஞ்சம் குறைத்தார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண்மணி நல்ல மாதிரிதான், குரலை உயர்த்தவில்லை. "வேலை இல்லை என்பதற்கும் இந்த வரிக்கும் சம்பந்தம் இல்லை மேடம், கார் உங்கள் பெயரில் இருக்கிறதல்லவா" என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. அந்தச் சட்டம் சரியா என்பதுதான் என் கேள்வி. வருமானம் நின்றால் வருமான வரியும் நிற்கிறது. செலவைக் குறைத்தால் விற்பனை வரியும் குறைகிறது. கார் வரிக்கு மட்டும் உங்கள் கஷ்டம் தெரியாது. கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம், அப்புறம் வண்டிப் பதிவு அலுவலகமான டிஎம்வியில் பதிவைப் புதுப்பிக்க விடாமல் நிறுத்தி வைக்கலாம். பதிவு இல்லாமல் கார் ஓட்ட முடியாது. கார் இல்லாமல் இன்டர்வியூவுக்குப் போக முடியாது. அந்த மாதம் நான் என்ன விற்று அந்தத் தொகையைக் கட்டினேன் என்று இங்கே எழுத மாட்டேன். வீட்டுப் பெண்களுக்குப் புரியும். இப்போது அந்த "வலிக்குதா" எப்படிக் கேட்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன்.

"பள்ளிக்கூடம் அந்தக் காசில்தானே நடக்கிறது?" நடக்கிறது, மறுக்கவில்லை. என் மகனும் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறான். ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசத் தயங்கியவனைப் பேச வைத்த ஆசிரியைக்கு நான் காலத்துக்கும் கடமைப்பட்டவள். அவர் சம்பளத்தில் கை வைக்கச் சொல்வேனா? கவுண்டியின் கையை முறிக்கச் சொல்லவில்லை, மாநிலம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றச் சொல்கிறேன். வர்ஜீனியாவில் வரிக்குரிய வருமானம் 17,000 டாலரைத் தாண்டினால் போதும், உச்ச விகிதமான 5.75 சதவீதத்துக்குள் வந்துவிடுவீர்கள். அதற்கு மேல் லட்சங்களில் சம்பாதித்தாலும் அதே 5.75. மேலே இன்னொரு படி வையுங்கள், அந்தக் காசைக் கவுண்டிகளுக்குக் கொடுங்கள். என் கணவருக்கு வேலை இருக்கும்போது நாங்களும் கூடுதலாகக் கட்ட வேண்டி வந்தால் கட்டுகிறோம். பக்கத்து மாநிலமான மேரிலாந்தில் கார் வரி கிடையாது, அதற்குப் பதில் கவுண்டிக்கே வருமான வரி உண்டு. "அங்கே மொத்தமாகப் பார்த்தால் அதிகம்" என்று சனிக்கிழமை ஒருவர் சொன்னார். இருக்கட்டுமே. வேலை போன வருஷம் அது குறைகிறதல்லவா? நான் கேட்பது அதைத்தான்.

லவுடன் கவுண்டியில் டேட்டா சென்டர் கம்ப்யூட்டர்கள் மீது வரும் வரி கொட்டுகிறது, அங்கே கார் வரி விகிதத்தை நூறு டாலருக்கு 4.15-லிருந்து 3.48-க்கு இறக்கினார்கள். கம்ப்யூட்டருக்கான வரி அப்படியே இருக்கட்டும். டேட்டா சென்டர் இல்லாத கவுண்டிகளுக்குத்தான் மாநிலம் கை கொடுக்க வேண்டும்.

"பெரிய பெரிய கார் வைத்திருப்பவனுக்குத்தான் லாபம்." இப்போது சலுகை முதல் 20,000-க்கு மட்டும் என்பதால், வரியையே ஒழித்தால் அவர்களுக்குத்தான் அதிகம் மிச்சமாகும், இதில் உண்மை உண்டு. அப்படியானால் விலை உயர்ந்த கார்களுக்கு மட்டும் வரியை வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சாக்காக வைத்துப் பழைய கரோலாக்காரனை ஏன் பிடிக்க வேண்டும்?

"அரசியல் சட்டப்படி இது கவுண்டிகளின் வரி, லேசில் எடுக்க முடியாது." தெரியும். திருத்தம் வேண்டுமென்றால் சட்டமன்றம் இரண்டு முறை நிறைவேற்ற வேண்டும், நடுவில் ஒரு தேர்தல் வர வேண்டும், கடைசியில் மக்கள் வாக்களிக்க வேண்டும். நேரம் எடுக்கும். கில்மோர் ஜெயித்து இத்தனை காலம் ஆகிவிட்டதே, அன்றைக்கே தொடங்கியிருந்தால் எத்தனை முறை முடித்திருக்கலாம்? 2024 டிசம்பரில் அப்போதைய ஆளுநர் யங்கின் ஒரு சலுகைத் திட்டம் சொன்னார், தனி ஆளுக்கு 150 டாலர், தம்பதிக்கு 300, அதுவும் வருமான வரம்போடு. 2025 ஆளுநர் தேர்தலில் ரிபப்ளிகன் வேட்பாளர் வின்சம் ஏர்ல்-சியர்ஸ் கார் வரியை ஒழிப்பேன் என்று சொல்லிச் சுற்றினார், தோற்றுப்போனார். அதனால் இது ரிபப்ளிகன் கட்சிப் பேச்சு என்று சிலர் என்னை முத்திரை குத்துகிறார்கள். நியாயம் யார் வாயிலிருந்து வந்தால் என்ன? அவரைத் தோற்கடித்த டெமாக்ரட் ஸ்பான்பெர்கர் ஆட்சியில் நடந்தாலும் நான் முதல் ஆளாக நன்றி சொல்வேன்.

கடைசியாக, எல்லோரும் சிரித்தார்களே, அந்தக் கேள்வி. "ஓட்டே இல்லாதவங்களுக்கு எதுக்கு இந்தப் பேச்சு? கட்ட முடியலைன்னா ஊருக்குப் போகலாமே."

அண்ணா, கவுண்டி வரி அனுப்பும்போது என் பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. விசாவில் இருக்கிறாய், உனக்குப் பாதி போதும் என்று சொல்லவில்லை. வரியில் நான் முழு ஆள், பேச்சில் மட்டும் நான் விருந்தாளியா? நீங்களும் ஒரு காலத்தில் இதே விசாவில்தான் வந்தீர்கள். கிரீன் கார்டு வரிசையில் எத்தனை வருஷம் நின்றீர்கள் என்று பொங்கலுக்குப் பொங்கல் மேடையில் சொல்வீர்கள், நாங்கள் கண் கலங்கக் கேட்டோம். அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறவளைப் பார்த்து ஊருக்குப் போ என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது? வேறு யாராவது சொல்லியிருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். நம் ஆள் சொன்னதுதான் தாங்கவில்லை. அதற்குக் கைதட்டு வேறு.

எனக்கு ஓட்டு இல்லை. ஆனால் எங்கள் தொகுதி உறுப்பினருக்கு மெயில் அனுப்ப ஓட்டு தேவையில்லை, அனுப்பிவிட்டேன். ஜனவரி இரண்டாவது புதன்கிழமை மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் சட்டமன்றம் கூடும். அதற்குள் ஓட்டு உள்ளவர்களும் ஒரு மெயில் போடுங்கள். அந்த 950 மில்லியன் பூட்டைத் திறக்கச் சொல்லி ஒரு வரி எழுதினால்கூடப் போதும். மெயிலின் நகல் வேண்டுபவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், தருகிறேன்.

கமென்ட்டில் வரியைப் பற்றி என்னோடு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். விசாவைப் பற்றி எழுதினால் நீக்கிவிடுவேன்.