கனெக்டரின் பெரும் பயன் பராமரிப்பில்தான்
முன்பே கட்டமைக்கப்பட்ட கனெக்டர்களின், அதாவது ஒரு மென்பொருளை இன்னொன்றோடு இணைக்கும் ஆயத்த இணைப்பிகளின், தலையாய பயன் அமைக்கும் நேரம் குறைவதுதான் என்று அலுவலக வேலைகளைத் தானியங்கியாக்குவது பற்றிய கட்டுரை ஒன்று கூறுவதை நான் ஏற்கவில்லை. பின்னாளில் பராமரிப்பு குறைவதே அதைவிடப் பெரிது. வாளையாறு வழியாகக் கேரளத்துக்குச் சரக்கு அனுப்பும் எங்கள் அலுவலகத்தில், வாடிக்கையாளர் தளத்தின் திரையைப் பார்த்து ஆர்டர்களை எடுத்துத் தந்த ஆர்பிஏ பாட் (மனிதரைப் போலத் திரையில் சொடுக்கி வேலை செய்யும் நிரல்), அங்கே ஒரு பொத்தான் இடம் மாறினாலும் நின்றுவிடும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் கடக்க 2018 ஏப்ரல் முதல் இ-வே பில் (சரக்கோடு செல்ல வேண்டிய மின்னணுச் சீட்டு) கட்டாயம் என்பதால், ஆர்டர் விவரம் வராமல் பில் போட முடியாமல் லாரி ஏற்றிய சுமையோடு இரவு முழுவதும் நின்றதுண்டு. அதே ஆர்டர்களை மின்னஞ்சலில் பெற்று, அவுட்லுக், எக்செல் கனெக்டர்கள் வழியே எடுக்கத் தொடங்கிய பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது; கனெக்டர் திரையைப் பார்ப்பதில்லை, ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் தரவு பரிமாறிக்கொள்ளும் வழி) மூலம் தரவை நேரடியாகப் பெறுகிறது. எங்கள் பழைய கணக்கு மென்பொருளுக்குக் கனெக்டர் கிடைக்காததால், அங்கே மட்டும் இன்றும் திரைவழி முறையையே நம்பியிருக்கிறோம்.