பைனாகுலர் ஹார்னெஸ்: துப்பாக்கியையும் தோள்பையையும் மாட்டிப் பாருங்கள்

பைனாகுலரை நெஞ்சில் தாங்கும் பட்டைகளின் அமைப்புதான் ஹார்னெஸ். வேட்டைக்கான ஹார்னெஸை, தோளில் படியும் பட்டையின் மென்மையை வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அது போதாது. 10x42 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ.) பெரும்பாலும் 650 முதல் 850 கிராம் வரை இருக்கும். அந்த எடை கழுத்தை விட்டு முதுகுக்குப் போகிறதா என்பதே முக்கியம். பட்டைகள் சேரும் இடம் இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே அமைய வேண்டும். மேலே ஏறினால் மறுபடி கழுத்துதான் சுமக்கும்.

அளவு சரிசெய்யும்போது வேட்டையில் போடும் தடித்த மேலாடையோடு செய்யுங்கள். பைனாகுலர் நெஞ்செலும்பை ஒட்டி நிற்கட்டும். தாழ்ந்தால் குனியும்போது ஊசலாடும், ஏறும்போது முழங்காலில் இடிக்கும். அதிகம் இழுபடும் எலாஸ்டிக் நடையில் குதிக்கும். பக்கவாட்டில் மட்டும் கொஞ்சம் எலாஸ்டிக் இருந்தால் போதும்.

துப்பாக்கிக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது, துப்பாக்கியின் பின்கட்டை பதியும் தோள்குழி. அங்கே பக்கிளோ தடித்த மடிப்போ இருந்தால் துப்பாக்கி ஒழுங்காக அமராது, குறி விலகும். வாங்குமுன் (குண்டில்லாததை உறுதிசெய்து) தோளில் வைத்துப் பாருங்கள். வில்லாளிகளுக்கு, பைனாகுலரை வைக்கும் நெஞ்சுப்பை பருத்திருந்தால் ஆகாது, நாண் உரசும்.

நெஞ்சுப்பையின் மூடியில் வெல்க்ரோ வேண்டவே வேண்டாம். அமைதியான காட்டில் அந்தக் கிழிபடும் சத்தமே மானை விரட்டிவிடும். காந்த மூடி சத்தமில்லாதது, ஆனால் திசைகாட்டியை அதன் அருகில் வைத்துப் படிக்காதீர்கள். தோள்பை சுமப்பவர்கள் ஹார்னெஸை முதலில் மாட்டுங்கள். பையைக் கழற்றினாலும் பைனாகுலர் நெஞ்சிலேயே இருக்கும்.