எழுத்தும் கோடுதானே

ஓவியத்துக்குள் வார்த்தை நுழைந்தால் அது வெறும் விளக்கப்படமாகிவிடும் என்று உங்கள் தளத்தில் எழுதிய கட்டுரையாளர் சொல்வதை ஏற்க முடியவில்லை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பாருங்கள். ஜாதகக் கட்டம் மாதிரி கோடுகள், கணக்கு நோட்டில் கிறுக்கியது போன்ற எண்கள், மலையாள எழுத்தை நினைவூட்டும் பொடிப்பொடி வரிகள். கிட்டப் போய்ப் படிக்க முயன்றால் ஒன்றும் பிடிபடாது. படிக்கும் ஆசையைக் கிளப்பிவிட்டு, கண்ணைக் கோட்டின் பின்னாலேயே நடக்க வைக்கிறார் மனிதர். இதில் விளக்கம் எங்கே இருக்கிறது?

சரி, எல்லோரும் பணிக்கர் இல்லை. முடித்த படத்தின் ஓரத்தில் ஒரு கவிதையை ஒட்டவைக்கிறவர்களும் உண்டு. அங்கே கட்டுரையாளர் சொல்வது நியாயம்தான். ஆனால் (நானும் கொஞ்சம் எழுதி வரைகிறவன்) முதலில் வரிகளைத் தூரிகையால் எழுதி, மேலே நீர்த்த வண்ணம் பூசிப் பார்த்தால் விஷயம் வேறு. பாதி எழுத்து மூழ்கும், பாதி மேலே நிற்கும். தூரிகையில் மை தீரும் இடத்தில் சொல் தானாக மெலியும். எது தெரியவேண்டும், எது மறையவேண்டும் என்று அங்கே முடிவெடுப்பது கவிஞரா, ஓவியரா?

அப்புறம், அந்தக் கட்டுரையில் படங்களை இவ்வளவு சின்னதாகப் போட்டால் அதிலுள்ள எழுத்து எப்படித் தெரியும்? பெரிதாக்கிப் பார்க்க வசதி செய்யுங்கள்.