அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?

ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று விநாடி? சரி, பின்னால் வருபவர் வாக்கர் வைத்துக்கொண்டு மெல்ல வருகிறார், ஐந்து விநாடி என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து விநாடியைக் கொடுக்க மனமில்லாத ஒரு ஆளை நினைத்து நான்கு நாளாக எனக்கு வயிறு எரிகிறது.

அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாவது வாரம். டாக்டரிடம் காட்டுவதற்காக அழைத்துப் போயிருந்தேன். வாசலில், விட்டால் தானாக மூடிக்கொள்ளும் கனமான கண்ணாடிக் கதவு. எங்களுக்கு முன்னால் போனவருக்கு நாற்பது வயது இருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவர் திரும்பிப் பார்த்தார். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. பார்க்காமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. வாக்கரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கையை விட்டுவிட்டுப் போய்விட்டார். ஃபைலையும் எக்ஸ்ரே கவரையும் சுமந்துகொண்டு நான் பின்னாலிருந்து ஓடி வருவதற்குள் கதவு வந்து வாக்கரின் முன்காலில் டங்கென்று இடித்தது. அம்மா இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடித்த பிடியில் புறங்கை நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. விழவில்லை. விழுந்திருந்தால்?

"போகட்டும் விடுப்பா. அவருக்கு என்ன அவசரமோ" என்றார் அம்மா.

எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் தோன்றியது. ஆஸ்பத்திரி ஆயிற்றே, அவருக்கு வேண்டியவர் யாராவது உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கலாம். நாம் யார் தீர்ப்புச் சொல்ல?

இரண்டு நிமிடம் கழித்து லிஃப்ட் அருகே போனால் அதே ஆள். சுவரில் சாய்ந்துகொண்டு போனில் வீடியோ தள்ளிக்கொண்டிருக்கிறார். நாங்கள் போக வேண்டிய அதே லிஃப்டுக்காகத்தான் அவரும் காத்திருக்கிறார்! ஓடிப்போய் என்னத்தைச் சாதித்தார்? லிஃப்ட் வந்ததும் உள்ளே இருப்பவர்களை வெளியே வரக்கூட விடாமல் முதல் ஆளாக நுழைந்துகொண்டார். நாங்கள் அடுத்ததற்கு நின்றோம்.

இந்த அவசரத்தைத்தான் எல்லோரும் சாக்காகச் சொல்கிறார்கள். அவசரம் மனிதனை மாற்றிவிடும் என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. 1973-இல் டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் படித்த மாணவர்கள் 40 பேரை வைத்து ஒரு சோதனை செய்த முடிவை வெளியிட்டார்கள். மாணவர்கள் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும். போகிற வழியில் ஒரு வாசலில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் இருப்பார். அவர் சோதனைக்காகவே உட்கார வைக்கப்பட்டவர் என்பது மாணவர்களுக்குத் தெரியாது. நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பியவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். மொத்த மாணவர்களில் பாதிப் பேர் பேசப் போன தலைப்பு என்ன தெரியுமா? வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக் காப்பாற்றிய நல்ல சமாரியன் என்ற பைபிள் கதை. அதைப் பேசப் போனவர்களிலேயே சிலர் கீழே கிடந்தவரைத் தாண்டிக் கால் வைத்துப் போயிருக்கிறார்கள்.

படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. ஆனாலும் அந்த மாணவர்களுக்காவது நிஜமாகவே ஒருவர் அங்கே காத்திருக்கிறார் என்ற நினைப்பு இருந்தது. நம் அவசரத்துக்கு அந்தப் பக்கம் யார் காத்திருக்கிறார்கள்? விமானம் தரையிறங்கி நின்றதும் பாருங்கள். கதவே திறந்திருக்காது. அதற்குள் பின்வரிசைக்காரர்கள் எல்லாம் எழுந்து, தலைக்கு மேல் பெட்டியை உருவி, உட்கார்ந்திருப்பவர் தோளில் இடித்து, முட்டிமோதி நிற்பார்கள். அப்புறம் பத்து நிமிடம் அப்படியே நிற்பார்கள். சிக்னலில் பச்சை விழுந்து அரை விநாடி ஆகவில்லை, பின்னாலிருந்து ஹாரன். முன்னால் இருப்பவர் பறந்தா போக முடியும்?

இதைச் சொன்னால் உடனே, "எல்லோரையும் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருக்க முடியுமா, எத்தனை பேர் இருக்காங்க" என்று கேட்கிறார்கள். யார் அப்படிக் கேட்டது? கூட்டத்தில் ஒதுங்கியிருப்பதிலும் ஒரு மரியாதை உண்டு. எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963-லேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார். தமிழில் சொன்னால் நாகரிகமான கண்டுகொள்ளாமை. எதிரே வருபவரை ஒரு கணம் பார்க்கிறோம், நீங்கள் இருப்பது எனக்குத் தெரிகிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடுகிறோம், பிறகு உற்றுப் பார்க்காமல் பார்வையை விலக்கிக்கொள்கிறோம். அவ்வளவு போதும். அந்த ஒரு கணம்தான் இப்போது காணாமல் போகிறது. கவுன்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் காதில் போனோடு போய் நின்று, காகிதத்தை மட்டும் நீட்டி, விரலால் 'இங்கே சீல்' என்று காட்டுகிறோம். எதிரே இருப்பது ஆளா, மெஷினா? முகம் கொடுத்துப் பேசுவது என்று நம் மொழியில் அழகாகச் சொல்வோமே, அந்த முகத்தைத்தான் கேட்கிறேன்.

தெரியாதவரிடம் பேசினால் தொந்தரவு என்று நினைத்துக்கொள்கிறோம். அதுவும் பாதி நம் கற்பனைதான். எப்லி, ஷ்ரோடர் என்ற இருவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோவில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களில் சிலரைப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியாக இருக்கச் சொன்னார்கள். பேசினால் பயணம் கெட்டுப்போகும் என்றுதான் அங்கே பலரும் எதிர்பார்த்தார்கள். பேசியவர்களுக்குத்தான் அன்றைய பயணம் இனிமையாக இருந்தது.

நவம்பர் 13 வந்துவிட்டால் போதும், உலக அன்பு தினம் என்று பூப்படம் போட்டு அனுப்பித் தள்ளுவார்கள். 1998-லிருந்து அந்த நாள் கொண்டாடப்படுகிறது. படம் அனுப்புகிற அதே ஆள், காத்திருப்பு அறையில் இருபது பேர் நடுவில் ஸ்பீக்கரைப் போட்டு வீடியோ பார்ப்பார். பக்கத்தில் காய்ச்சல் குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருக்கும். எனக்கு அந்தப் படமே வேண்டாம். சத்தத்தைக் குறையுங்கள், போதும்.

அன்றைக்குச் சாயந்திரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இதை மறைத்துவிட்டு மற்றவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வீட்டு மணி அடித்தது. கதவுக்காரரைப் பற்றித்தான் தங்கையிடம் போனில் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே கதவைத் திறந்து, கையை நீட்டிப் பார்சலை வாங்கி, அப்படியே சாத்திவிட்டு வந்தேன். கட்டிலிலிருந்து அம்மா கேட்டார், "யாருப்பா வந்தது?"

"கூரியர்மா."

"அதுதான் யாருன்னு கேட்டேன். மாடி ஏறி வந்திருக்கு, மூச்சு வாங்குற சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சே. தண்ணி வேணுமான்னு கேட்டியா?"

ஆணா பெண்ணா என்பதுகூட எனக்கு நினைவில் இல்லை. ஒரு கை, ஒரு பெட்டி. அவ்வளவுதான் பார்த்திருக்கிறேன். படிக்கட்டுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன், கீழே வண்டி கிளம்பிப் போகும் சத்தம்தான் கேட்டது. எனக்கு மட்டும் என்ன அவசரம்? தங்கை போனில் காத்திருக்க மாட்டாளா?

வெட்கமாக இருக்கிறது. அதற்காகக் கதவுக்காரர் மேல் இருக்கும் கோபம் துளியும் குறையவில்லை. அம்மாவின் புறங்கை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அடுத்த வாரம் மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும். அதே வாசல், அதே கண்ணாடிக் கதவு. ஃபைலைப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் சும்மா வைத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன்.