குருதையும் தளவையும்

குழந்தைகளின் மழலையை அப்போதைக்கப்போதே திருத்திவிட வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அதை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. என் மகளுக்கு மூன்று வயது. தவளை அவளுக்குத் 'தளவை', குதிரை 'குருதை'. ர, ற, ழ எல்லாம் பிள்ளைகள் வாயில் கடைசியாகத்தான் வந்து சேரும். நாம் சரியாகச் சொன்னாலே போதும். 'எங்கே, திருப்பிச் சொல்லு' என்று நிற்க வைப்பானேன்? காது கேட்பதில் சந்தேகம் என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், அது வேறு விஷயம்.

ஆனால் பாட்டென்று வந்துவிட்டால் மெட்டு இம்மியும் பிசகாது. வார்த்தை மறந்த இடத்தில் 'லால்லா' என்று இழுத்துவிட்டு, அடுத்த அடியைக் கச்சிதமாகப் பிடித்துவிடுவாள். பல் துலக்கும்போதும் வாயில் நுரையோடு அதே கச்சேரிதான். நடுவில் நான் சேர்ந்துகொண்டால் மட்டும், "அப்பா, தப்பு தப்பா பாடாத!" என்று ஒரு அதட்டல்.